ஆறு மாதத்துக்கு 1,140 டாலர்

இர்விங், டெக்சாஸ்
மே 4

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா?

போனில் "கார் இன்சூரன்ஸுக்கா அவ்வளவு?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான்ப்பா, அதுவும் ஆறு மாதத்துக்கு. இங்கே பெரும்பாலும் ஆறு மாத பாலிசிதான். நம் பணத்தில் லட்சத்தை ஒட்டி வருகிறது.

நம்மூரில் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பிரீமியத்துக்கு இன்ஜின் சிசியைப் பார்ப்பார்கள், யார் ஓட்டினாலும் ஒரே ரேட். இங்கே ஏஜென்ட் காரைப் பற்றி இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு என்னைக் குடையத் தொடங்கினார். வயசு என்ன, கல்யாணம் ஆயிற்றா, வீடு எந்த ஜிப் கோடில் (நம்மூர் பின்கோடு மாதிரி), கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மார்க், எவ்வளவு. இந்தக் கார் லோனுக்கு முன் கடன் வாங்கிக் கட்டியதே இல்லையே, ஸ்கோர் எங்கிருந்து வரும்? கடன் வாங்காதே என்று வளர்த்தீர்கள், அதற்கும் சேர்த்துத்தான் கட்டுகிறேன். கலிஃபோர்னியாவில் கிரெடிட் ஸ்கோரைப் பார்க்கக் கூடாது, டெக்சாஸில் பார்க்கலாம். சேலத்தில் பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன் என்றேன். "டெக்சாஸ் லைசென்ஸ் எப்போது வாங்கினீர்கள்?" என்றார். மூன்று வாரம் ஆகிறது. அதைத்தான் டைப் செய்தார்.

சட்டம் குறைந்தபட்சம் கேட்பது 30/60/25. நம் வண்டியால் அடிபட்ட ஒருவருக்கு 30,000 டாலர் வரை, ஒரு விபத்தில் எல்லோருக்குமாக 60,000 வரை, இடித்த வண்டி, சுவர் போன்ற சொத்துக்கு 25,000 வரை. இங்கே ரோட்டில் ஓடும் பிக்கப் டிரக்குகளைப் பார்த்தால் 25,000 எந்த மூலைக்கு என்று தோன்றும். அதற்கு மேல் போனால் நம் கைப்பணம். அதனால் கூட்டித்தான் போட்டேன். சட்டம் கேட்கும் இன்சூரன்ஸ்கூட இல்லாமல் ஓட்டி மாட்டினால் முதல் தடவையே 175 முதல் 350 டாலர் வரை அபராதம். இருந்தும் ஓட்டுகிறார்கள். அப்படி ஒருவன் வந்து இடித்தால் என்ன செய்வது? அதற்கென்று தனி கவரேஜ் உண்டு, வேண்டாமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். கூட வேலை செய்யும் பையன் காசு மிச்சமென்று கையெழுத்துப் போட்டுவிட்டான். நான் போடவில்லை.

நம் பழைய மாருதிக்குப் போல வெறும் தேர்ட் பார்ட்டி போதாதா என்பீர்கள். சட்டத்துக்குப் போதும். ஆனால் கார் லோனில் வாங்கியது. நம் காருக்கு வரும் சேதத்துக்கும் சேர்த்துப் போடச் சொல்லி பேங்க் கறாராக நிற்கிறது. முதல் 1,000 டாலர் என் செலவு, மீதி கம்பெனி தரும்.

போன மாதம் அதுதான் கை கொடுத்தது. சாயங்காலம் ஆலங்கட்டி மழை, எலுமிச்சம்பழம் எலுமிச்சம்பழமாக. கம்பெனி ஆள் வந்து பானெட் மேல் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத குழியெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி எழுந்து வந்தது. ஒவ்வொன்றாக எண்ணினார், பானெட்டில் மட்டும் 63. பெயின்ட் கெடாமல் உள்ளேயிருந்து கம்பியால் நெம்பி எடுத்துவிட்டார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். அந்த நேரம் நான் ஆபீஸுக்குள்தான் இருந்தேன்.

அன்புடன்,
உங்கள் மகன்