கடைவீதியில் பள்ளிக்கு இசைவு தருக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

படிப்பைப் பாதியில் விட்ட பதின்பருவத்தினருக்காக எங்கள் கடைவீதியில் மாற்றுமுறை உயர்நிலைப் பள்ளி தொடங்க நிலப்பயன்பாட்டு அனுமதி கோரப்பட்டிருப்பதை, அங்கே கடை நடத்துபவன் என்ற முறையில் மனமார வரவேற்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அந்த வயதுக்குப் பின் மெக்கானிக் கடைக்கும் ஓட்டலுக்கும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள், பேருந்து நிற்கும் இடத்தில், வேலை முடிந்ததும் நடந்தே வரக்கூடிய தொலைவில் வகுப்பு இருந்தால்தான் மீண்டும் புத்தகத்தைத் தொடுவார்கள். நெரிசல் கூடும் என்று சக வணிகர்கள் சிலர் அஞ்சுவதை என்னால் ஏற்க இயலவில்லை. இவர்கள் காரில் வந்து இறங்கும் மாணவர்கள் அல்லர்.

ஆனால், 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த நாம், இரண்டாவது படிக்கட்டும் தீயணைப்புத் துறையின் சான்றும் இல்லாத எந்த மாடியிலும் வகுப்பறையை அனுமதிக்கக் கூடாது. அந்த நிபந்தனையோடு உள்ளூர்த் திட்டக் குழுமம் விரைந்து இசைவு வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
கடைவீதி வணிகர் ஒருவர்