ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சம்பளம் ஏழாம் தேதியைத் தாண்டுகிறது. ஓவர்டைம் நின்றுவிட்டது. ஆள் ஏற்ற வரும் தொழிற்சாலை பஸ் பாதிக் காலியாகப் போகிறது. ஒரே பெரிய முதலாளியை நம்பியிருக்கும் எங்கள் பாடாங் செராய் வட்டாரக் குடும்பங்களில் இப்போது இதே பேச்சுதான். கம்பெனி மூடுமா மூடாதா என்பது நம் கையில் இல்லை. வேலை போகும்போது அது எந்தப் பெயரில் போகிறது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. 'நிறுத்தப்பட்டார்' என்று போனால் ஒரு கணக்கு, 'தானே நின்றார்' என்று போனால் வேறு கணக்கு. இது தெரியாமல் ஆட்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

அந்தத் தாள் அரைப் பக்கம்தான் இருக்கும். மேலே பெயர், அடையாள அட்டை எண். நடுவில் மலாயில் இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்குள் 'பெர்ஹெந்தி சென்டிரி' என்றோ 'லெத்தாக் ஜாவத்தான்' என்றோ இருக்கும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: நானாகவே வேலையை விடுகிறேன். நீட்டுகிறவர் பெரும்பாலும் நம் ஆளாகவே இருப்பார், அதே தோட்டத்தில் பிறந்த சூப்பர்வைசர். "போட்டுக் கொடுங்கக்கா, அப்பதான் பாக்கிச் சம்பளம் சீக்கிரம் வரும்" என்பார். அவருக்கே விவரம் தெரியாமல் இருக்கலாம். செய்த வேலைக்கான சம்பளத்துக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே கிடையாது. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும்.

மாதம் 2,400 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் 14 ஆண்டு வேலை செய்தவரை எடுத்துக்கொள்வோம். மலேசிய வேலைச் சட்டத்தின் கீழ் வரும் 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆட்குறைப்பில் நிறுத்தப்படும் தொழிலாளிக்குச் சேவை 2 ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டு வரை 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போனால் இந்த விதி பொருந்தாது. நம்மவருக்கு 14 பெருக்கல் 20, அதாவது 280 நாள். கடைசி 12 மாதச் சம்பளமான 28,800 வெள்ளியை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 78 வெள்ளி 90 காசு. 280 நாளுக்கு 22,000 வெள்ளிக்குச் சற்று மேல் வருகிறது. வேலை முடிந்த 7 நாளுக்குள் இதைக் கொடுக்க வேண்டும். அதோடு, 5 ஆண்டுக்கு மேல் சேவை உள்ளவருக்கு 8 வார நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான சம்பளம்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் தனி. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்று, நான்காம் மாதங்களில் 40, ஐந்து, ஆறாம் மாதங்களில் 30. ஆறு மாதமும் கிடைத்தால் நம்மவருக்குச் சுமார் 6,400 வெள்ளி. தானே நின்றதாக எழுதிக் கொடுத்தவருக்கு இந்த மூன்றும் இல்லை. அரைப் பக்கத் தாளின் விலை 30,000 வெள்ளிக்கு மேல். பெர்கேசோ பணம் முதலாளியின் பெட்டியிலிருந்து வருவதில்லை. கம்பெனி ஒரு காசு இல்லாமல் விழுந்தாலும் அது வரும். விண்ணப்பிக்க வேலை போன நாளிலிருந்து 60 நாள்தான் தவணை.

அந்த 60 நாளில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "புது முதலீட்டாளர் வருகிறார், அடுத்த மாதம் திறக்கிறோம், காத்திருங்கள்" என்பார்கள். காத்திருந்தால் தவணை போய்விடும். நியாயமில்லாமல் நிறுத்தினார்கள் என்று தொழிலுறவு இலாகாவில் முறையிடுவதற்கும் அதே 60 நாள்தான். இரண்டும் ஒரே நாளில் ஓடத் தொடங்குகின்றன. விண்ணப்பம் போட்ட பிறகு கம்பெனி திறந்தால் நல்லது, போய் வேலை செய்யலாம். இடையில் வேறு வேலை கிடைத்தாலும் மறைக்க வேண்டாம். மீதமிருக்கும் தொகையில் 25 விழுக்காட்டை பெர்கேசோ ஒரே தடவையில் கொடுக்கிறது.

சம்பளம் வரவில்லை என்ற கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவது இன்னொரு தவறு. கோபம் நியாயமானது. ஆனால் அனுமதியோ தகுந்த காரணமோ இல்லாமல், தகவலும் சொல்லாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் தொழிலாளி என்று ஆகிவிடும். முதலில் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனியைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டால் அதன்பின் வழக்குத் தொடுக்கவே நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆகையால் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். கலைப்பு வந்த பிறகு, கலைப்பு அதிகாரியிடம் கடன் சான்றுப் பாரம் (படிவம்) கொடுத்துப் பட்டியலில் சேர வேண்டும். 2016-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, கலைப்புக்கு முந்தைய நான்கு மாதச் சம்பளப் பாக்கியில் ஆளுக்கு 15,000 வெள்ளி வரை, பிணையில்லாத மற்ற கடன்களுக்கு முன்பாகக் கொடுக்கப்பட வேண்டும்.

ஊகத்தை விட்டு உண்மையைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி 30 நாள் முன்னதாகவே தொழிலாளர் இலாகாவுக்கு 'பிகே பாரம்' அனுப்பியாக வேண்டும். அது வந்ததா என்று இலாகாவில் கேளுங்கள். அதே வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர் இருந்தால் உள்ளூர்க்காரரை அவர்களுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது என்பதும் சட்டம். "கான்ட்ரக்டர் பெயருக்கு மாறிக்கொள்ளுங்கள், அதே இடம், அதே சம்பளம்" என்று சொன்னால், பழைய சேவை ஆண்டுகள் தொடரும் என்று எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் 14 ஆண்டு ஒரே நாளில் பூஜ்யமாகிவிடலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, பேப்பரைச் சேர்ப்பது. இப்போது பல இடங்களில் சம்பளச் சீட்டு கைப்பேசிச் செயலியில்தான் வருகிறது. கம்பெனி அந்தச் செயலிக்குக் கட்டணம் கட்டுவதை நிறுத்தினால் சீட்டெல்லாம் ஒரே இரவில் மறைந்துவிடும். கடைசி 12 மாதச் சீட்டுகளை இறக்கி அச்செடுத்து வையுங்கள். நியமனக் கடிதம், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குத் தாள், பஞ்ச் கார்டின் படம், இவை போதும். கேட்டைப் பூட்டி அறிவிப்பு ஒட்டினால் அதைத் தேதியோடு படமெடுங்கள். நிறுத்தல் கடிதமே கிடைக்காதவர்களுக்கு அது ஒரு சாட்சி.

சேமநிதியையும் பாருங்கள். 2,400 வெள்ளிச் சம்பளத்துக்கு மாதம் தொழிலாளி பங்கு 264, முதலாளி பங்கு 312 ஏற வேண்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சீட்டில் 264 கழித்திருந்து, சேமநிதியின் இணையக் கணக்கான ஐ-அக்கவுனில் ஏறாமல் இருந்தால் அது குற்றம். பெரும்பாலும் கம்பெனி சாய்வதற்கு முதல் அறிகுறியும் அதுதான். உடனே புகார் கொடுங்கள்.

கடன் பக்கம் வந்தால், ஓர் ஊரே ஒரே கம்பெனியை நம்பியிருக்கும்போது எல்லாரும் ஒரே மாதத்தில் விழுகிறோம். லைனில் பக்கத்தில் நின்று வேலை செய்பவரே வங்கிக் கடனுக்குப் பிணை நின்றிருக்கிறார். கூட்டு (சீட்டு) பிடிக்கிற இருபது பேரும் அதே கம்பெனியில்தான். கூட்டு நடத்துவது 1971-ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி தடை, ஆகவே பணம் போனால் கேட்க இடமில்லை. பணம் எடுக்காதவர்கள் இப்போதே உட்கார்ந்து பேசிக் கணக்கை முடித்துவிடுவது நல்லது. கார், மோட்டார் சைக்கிள் தவணை தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் 21 நாள் நோட்டீஸுக்குப் பிறகு இழுத்துச் செல்லலாம். விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொட முடியாது. தவறுவதற்கு முன்பே வங்கிக்கோ கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேவுக்கோ போனால் தவணையை மாற்றியமைக்கப் பேசலாம். ஏகேபிகே ஆலோசனை இலவசம்.

ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரரிடம்) ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் கொடுத்துக் கைமாற்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெர்கேசோ பணமும் அந்தக் கணக்குக்குத்தான் வரும். கார்டு யார் கையில் இருக்கிறதோ, பிள்ளைகளின் ஆறு மாதச் சாப்பாடு அவர் கையில் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பாரங்களில் வரும் மலாய்ச் சொற்களையும் அவற்றின் தமிழ்ப் பொருளையும் ஞாயிறு பதிப்பில் ஒரு கட்டத்துக்குள் வெளியிடுங்கள், வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில். 'டித்தெரிமா டெங்ஙான் பந்தாஹான்' என்ற வரியும் அதில் இருக்கட்டும். 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்' என்று பொருள். எதையாவது வாங்கிக் கையெழுத்திட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், இந்த வரியையும் தேதியையும் முதலில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
பாடாங் செராய், கெடா