குண்டூசிக்கு, மூன்று மாதம் கழித்து

அன்புள்ள குண்டூசிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நெட்டைக்கு மூட்டு அறுவை நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன், விசாரித்ததாகச் சொல்.

மூன்று மாதத்துக்கு முன்னால், கண் பயிற்சியால் வெள்ளெழுத்து போய்விடும் என்ற ஒரு இணைப்பை அனுப்பி, "இது நிஜமாடீ? நீதான் இதெல்லாம் படிக்கிறவளாச்சே" என்று கேட்டிருந்தாய். நான் பதிலே போடவில்லை. திட்டு, ஆனால் இதை முழுதும் படித்துவிட்டுத் திட்டு. அந்தச் சமயத்தில் எது நிஜம் என்று யாருக்கும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்காவுக்கு ஏழு வருடமாக ரத்த அழுத்தம், உனக்குத் தெரியும். ஒரு ராத்திரி ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அவள் சாப்பிடும் வகை மாத்திரை நாளாக ஆக உடம்பைக் கெடுக்கும், மூச்சுப் பயிற்சியே போதும் என்றது. பக்கம் அவ்வளவு சுத்தம். விளம்பரம் கிடையாது, எழுத்துப்பிழை கிடையாது. எழுதியவர் பெயருக்கு முன்னால் டாக்டர். இணைய முகவரி, பெரிய அமைப்புகளுடையது மாதிரி 'டாட் ஆர்க்' (.org) என்று முடிந்தது. அடியில் 31 மேற்கோள்கள். மூன்று முறை கவனமாகப் படித்துவிட்டுத்தான் அக்காவுக்கு அனுப்பினேன். அனுப்பியது நான் என்பதால் அவள் ஒரு முறைகூடப் படிக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

பதினோராம் நாள் தலைசுற்றி விழுந்தாள். அழுத்தம் 190. நல்லவேளை, வேறெதுவும் ஆகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு ராத்திரிகளை நான் மறக்கமாட்டேன். அங்கேதான் அந்தக் கட்டுரையைத் திரும்பத் திறந்து, 31ஐயும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். நாலு, எலிகளை வைத்து நடந்த சோதனைகள். ஆறு, அதே தளத்தின் பழைய கட்டுரைகள். ஒன்று நேர் எதிராக முடிகிறது: மாத்திரையோடு பயிற்சியும் செய்தால் நல்லது என்று! அந்த டாக்டர் பட்டம் மருத்துவத்தில் வாங்கியதே இல்லை. 'டாட் ஆர்க்' முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னமும் அப்படித்தான். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம், எதிரில் இருப்பவர் உண்மை பேசுகிறார் என்பதற்கு இல்லை.

மூன்று முறை படித்தேன் என்றேனே, அந்த இடத்தில்தான் தப்பு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஒரு சோதனை நடத்தி 2017இல் வெளியிட்டார்கள். வரலாற்று அறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் பக்கங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். ஒன்று 1930இல் தொடங்கியது, 60,000 உறுப்பினருக்கு மேல். இன்னொன்று 2002இல் அதிலிருந்து பிரிந்துபோன சில நூறு பேருடையது, பெயர் மட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரி. மாணவர்களில் பெரும்பாலோர் சின்னதை நம்பினார்கள். அறிஞர்களே தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை. ஏன் தெரியுமா? அவர்கள் அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை, குண்டூசி! வந்த வேகத்தில் வெளியே போய், வேறு வேறு டேப் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் தேடினார்கள். மாணவர்களும் அறிஞர்களும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ்வரை பொறுமையாகப் படித்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஒருவர் யோக்கியரா என்று அவரிடமே மூன்று முறை கேட்டிருக்கிறேன்.

வெளியே போனாலும் கவனம் வேண்டும். 2009இல் மோரீஸ் ஜார் என்ற இசையமைப்பாளர் இறந்த சமயம், அயர்லாந்து மாணவர் ஒருவர் ஒரு வாக்கியத்தைக் கற்பனை செய்து, அவர் சொன்னதாக விக்கிப்பீடியாவில் போட்டார். ஆதாரம் இல்லையென்று விக்கிப்பீடியாவில் நீக்கிவிட்டார்கள், அதற்குள் பெரிய பத்திரிகைகள் எடுத்து அச்சிட்டுவிட்டன. பத்து இடத்தில் இருக்கிறதே என்று நீ அடிக்கடி சொல்வாய். பத்தும் எங்கிருந்து எடுத்தன என்று பின்னாலேயே போய்ப் பார், சில சமயம் ஒரே வாய்தான்.

பெரிய மருத்துவ இதழில் வந்தால் நம்பலாமா என்றால், அதன் பிறகு என்ன ஆயிற்று என்றும் பார்க்கவேண்டும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998இல் லான்செட்டில் வந்தது, வெறும் 12 குழந்தைகளை வைத்து. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குப் பிறகும் அதைக் காட்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உன் இணைப்புக்கு வருகிறேன். முப்பது நாள் கண் பயிற்சியில் வெள்ளெழுத்து போய்விடுமாம், கண்ணாடியே வேண்டாமாம். கண்ணாடியைத் தூக்கிப்போட்டுச் சிரிக்கிறாளே ஒரு பெண், அந்தப் படத்தைப் படத்தேடலில் போட்டேன். காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் விளம்பரப் படம் அது, வேறு மூன்று தளங்களில் வேறு மூன்று பொருள்களை விற்றுக்கொண்டிருக்கிறாள். பயிற்சியைப் புகழ்ந்த இடங்களெல்லாம் அதையே விற்கும் இடங்கள். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை இளக்கம் இழப்பதால் வருவது வெள்ளெழுத்து, அந்த இளக்கம் பயிற்சியால் திரும்பாது. பணம் கட்டாதே. போய்க் கண்ணாடி வாங்கு. வாலு என்றைக்கோ சொன்னதை இன்னுமா மனசில் வைத்திருக்கிறாய்? உனக்குக் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கும். குழுவில் அந்த இணைப்பைப் போட்டிருந்தாய் அல்லவா, இதையும் அங்கேயே எழுதிவிடு. அழித்தால் மட்டும் போதாது, பார்த்தவர்கள் பார்த்ததுதான்.

அக்கா ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள். இதுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் யாரோ அனுப்பியதை நீட்டி, "நீ பார்த்துச் சொன்னா சரி" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நான் மட்டும் பார்க்கமாட்டேன் என்று அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் தேடினோம். நேற்று இன்னொன்று வந்தது. நான் படிக்க ஆரம்பிப்பதற்குள், "இரு, இது யாரு? முதல்ல அதைத் தேடு" என்கிறாள்.

கண் மருத்துவரிடம் போய்விட்டு வந்து எழுது.

உன்
ஆந்தை