செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: புகார் யாரிடம் போய்ச் சேர வேண்டும்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, கோபி, அந்தியூர், பவானி, சத்தி, தாளவாடிப் பக்கமிருந்து தோட்டத்து வேலையையும் தறி வேலையையும் நிறுத்திவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்ங்க.

ஆண்டறிக்கை என்றால் கூட்டங்கள், முகாம்கள், நன்றி என்று வரிசையாகப் போவதுதான் வழக்கம். இந்த முறை அப்படி இல்லை. செயற்குழு கூடிய போதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது. அரசு அலுவலரும் மக்கள் பிரதிநிதியும் ஒழுங்காக நடந்துகொள்கிறார்களா என்று பார்க்க, அவர்களுக்குக் கட்டுப்படாத ஓர் அமைப்பு நமக்கு எட்டும் தூரத்தில் வேண்டும் என்பதே அந்தப் பேச்சு. அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். மற்றவை கடைசியில்.

முதலில் ஒரு பட்டா விவகாரம். நம் உறுப்பினர் ஒரு அக்கா. ஊரும் பேரும் வேண்டாம். கணவர் காலமான பிறகு கொழுந்தனார்களோடு தோட்டம் பாகம் பிரிந்தது. பத்திரம் பதிந்தாகிவிட்டது. உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, ரசீதும் வைத்திருந்தார். நிலத்தை அளக்க வர ஒரு தொகை கேட்டார்கள். தர முடியாது என்றார். மனு அப்படியே கிடந்தது. சரி, மேலே சொல்வோம் என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரகத்துக்குப் போய், இன்னார் பணம் கேட்டார் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த மனு போன வழியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்கிப் பார்த்தோம். ஆட்சியரகத்தில் இருந்து கோட்டாட்சியருக்கு, அங்கிருந்து வட்டாட்சியருக்கு, அங்கிருந்து யார் மேல் புகாரோ அவர் மேசைக்கு. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீல், “தக்க நடவடிக்கைக்காக” என்று ஒரு வரி, கீழே ஒரு சுருக்கொப்பம். கடைசியில் பதில் எழுதியதும் அவரேதான்: மனுதாரரை நேரில் விசாரித்ததில் புகாரில் உண்மை இல்லை. விசாரித்ததாகத் தேதி போட்டிருந்த நாளில் அக்கா ஈரோட்டில் மஞ்சள் ஏலத்தில் இருந்திருக்கிறார். ஏலச் சீட்டு அவர் கையில் இருந்தது.

“நான் யாரப் பத்தி எழுதிக் குடுத்தனோ அவரே ஊட்டு வாசல்ல வந்து, ஏனுங்கம்மா எம்மேல எழுதிக் குடுத்தீங்கன்னு கேக்கறாரு சாமி. இனி நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?” என்று நம் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டார்.

முதல் மேல்முறையீடு போட்ட பிறகு நிலம் அளந்தார்கள், பட்டா வந்தது. சங்கத்துக்கு அது மகிழ்ச்சிதான். ஆனால் பணம் கேட்டதைப் பற்றி இன்றுவரை யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டா கிடைத்ததும் மனு “முடிக்கப்பட்டது” ஆகிவிட்டது. மனுதாரரின் வேலையை முடித்துக் கொடுப்பது ஒரு காரியம், அலுவலரின் நடத்தையை விசாரிப்பது வேறொரு காரியம். நம்மிடம் முதலாவதற்கு வழி இருக்கிறது. இரண்டாவதற்குப் போனால் மனு சுற்றிச் சுற்றி அதே மேசைக்கு வந்து சேர்கிறது.

நேர்மையான அலுவலர்களுக்கும் இதில் நஷ்டம் உண்டு. மணல் வண்டியைப் பிடித்தார் என்பதற்காக ஒரு கிராம நிர்வாக அலுவலர் மேல் மொட்டைப் பெட்டிஷன் போட்டால், உண்மையை வெளிப்படையாக விசாரித்து அவர் மேல் தவறில்லை என்று சொல்ல வெளியாள் யாரும் இல்லை. சந்தேகம் பணிப்பதிவேடு முழுக்க அவர் கூடவே போகிறது. நமக்கு உதவிய அலுவலர்கள் சிலரே இதை வருத்தத்தோடு சொன்னார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் 1973ஆம் ஆண்டிலிருந்து இருக்கின்றன. சொத்து வாங்கினால் தெரிவிக்க வேண்டும், அன்பளிப்புக்கு வரம்பு உண்டு, வரதட்சணை கூடாது என்றெல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர் அதே துறையின் மேலதிகாரி. ஆண்டுக்கொரு முறை ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் அங்கேயும் வருவாய்த் துறையின் கணக்கை வருவாய்த் துறையே பார்க்கிறது.

லஞ்ச ஒழிப்புத் துறை 1964 முதல் இருக்கிறது. பங்குனி முகாமில் பொறி வைத்துப் பிடிக்கும் முறையை வழக்கறிஞர் நண்பர் விளக்கியபோது மண்டபமே கவனித்துக் கேட்டது. புகார் கொடுப்பவர் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவி, சாட்சிகள் முன்னிலையில் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். அந்தத் துறையால் நம் ஊர்களில் பலருக்கு நியாயம் கிடைத்திருக்கிறது, அதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் டெண்டரை யாருக்கு விடுவது என்று மேலே உட்கார்ந்து முடிவு செய்கிறவர் கை எந்தத் தண்ணீரிலும் நிறம் மாறாது. அந்த மாதிரி முடிவுகளை விசாரிக்க, ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் சேர்த்த 17ஏ பிரிவுப்படி முன்அனுமதி வேண்டும். துறையே அரசின் கீழ் இருக்கிறது. அரசு மாறினால் வழக்குகளின் வேகம் மாறுவதை நாம் எல்லோரும் பேப்பரில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

முகாமில் பலருக்குப் புதிதாக இருந்த ஒரு விஷயத்தை இங்கேயும் சொல்கிறேன். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் காவல் துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால் தப்பலாம். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப் போடாதீர்கள்.

அடுத்து லோக் ஆயுக்தா, அதாவது ஆட்சியில் இருப்பவர்கள் மேலும் அரசு ஊழியர்கள் மேலும் வரும் ஊழல் புகார்களை விசாரிக்கும் மாநில அமைப்பு. இந்த யோசனை 1966இல் அமைந்த நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் சொன்னது. மகாராஷ்டிரம் 1971இலேயே சட்டம் போட்டது. நாம் 2018 ஜூலையில்தான் போட்டோம், அதுவும் உச்ச நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு. முதல் தலைவராக ஓய்வு பெற்ற நீதிபதி தேவதாஸ் 2019 ஏப்ரலில் பொறுப்பேற்றார். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அமைப்பு அது. முதலமைச்சர் உட்பட அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், அரசு ஊழியர்கள் மேல் ஊழல் புகார் கொடுக்கலாம். இது இருக்கிறது என்பதே நம் உறுப்பினர்களில் பாதிப் பேருக்குத் தெரியாமல் இருந்தது. அலுவலகம் சென்னையில். பொய்ப் புகார் என்று முடிவானால் ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தியூர் மலையடிவாரத்தில் இருக்கும் ஒருவர் இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். வேண்டுமென்றே பொய் சொல்பவரைத் தண்டிக்கட்டும். நிரூபிக்க முடியாமல் போனவரும் பயப்படும்படி இருக்கக் கூடாது என்பது நம் கருத்து.

இன்னும் இரண்டு குறைகள். அரசு ஒப்பந்தங்கள், பணி நியமனம், இடமாறுதல் போன்றவற்றை அந்தச் சட்டம் லோக் ஆயுக்தாவின் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. பணம் அதிகம் புழங்கும் இடங்களே அவைதான். உள்ளாட்சி பற்றிய புகார்கள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி முறைமன்ற நடுவத்துக்கு (உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன்) போக வேண்டும், அதுவும் சென்னையில். அப்புறம் தேர்வுக் குழு: முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் என்று மூன்று பேர். மூன்றில் இரண்டு வாக்கு எப்போதும் ஆளும் தரப்பில் இருக்கும். எந்தக் கட்சி ஆண்டாலும் இதே கணக்குதான், ஆகவே இதை ஒரு கட்சியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாளவாடி உறுப்பினர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் கர்நாடகத்தைச் சொல்வார்கள். அவர்களுக்குச் சாம்ராஜ்நகர் பக்கம், அங்கே மாவட்டத்திலேயே லோக் ஆயுக்தா அலுவலகமும் அதற்கென்று போலீஸ் பிரிவும் இருக்கின்றன. அங்கே லோக் ஆயுக்தாவாக இருந்த நீதிபதி சந்தோஷ் ஹெக்டே 2011இல் பெல்லாரி சுரங்க முறைகேடு பற்றிக் கொடுத்த அறிக்கையால் முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலக நேர்ந்தது. பின்னர் 2016இல் தனி ஊழல் தடுப்புப் பிரிவு ஒன்றை அரசு உண்டாக்கி, லோக் ஆயுக்தாவின் விசாரணை அதிகாரத்தை அதற்கு மாற்றியது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்து அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. பல் இருக்கும் அமைப்பு என்றால் பல்லைப் பிடுங்கப் பார்ப்பார்கள் என்பதற்கு இது சாட்சி. அதே கர்நாடகத்தில் லோக் ஆயுக்தா அலுவலகத்தை வைத்தே பணம் பறித்ததாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2015இல் அப்போதைய லோக் ஆயுக்தா பதவி விலகினார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காவலுக்கு நிற்பவரின் கணக்கும் ஆண்டுதோறும் சட்டமன்றத்துக்கும் மக்களுக்கும் வர வேண்டும்.

“இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகுமுங்களா?” என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். ஆகும் என்பதற்கு நொய்யல் இருக்கிறது. சாயக்கழிவால் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணை கழிவு தேங்கும் குட்டையாகி, கீழே பாசன நிலம் பாழானபோது, துறைகளின் அறிக்கைகளால் ஒன்றும் ஆகவில்லை. பாசன விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி பாஸ்கரன் தலைமையிலான சூழலியல் இழப்பு ஆணையம் ஊர் ஊராகப் பாதிப்பைக் கணக்கிட்டு இழப்பீடு நிர்ணயித்தது. விதிப்படி கழிவை முழுதும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆறு இன்னும் முழுதாகத் தேறவில்லை. ஆனால் எந்தத் துறைக்கும் கட்டுப்படாத ஒரு ஆணையம் வந்து நின்றபோதுதான் விவசாயியின் நஷ்டம் கணக்கில் ஏறியது.

பதவியின் நாணயம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் கோயம்புத்தூர்க்காரர். வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலில் இருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது பற்றிக் கேள்வி எழுந்தபோது 1948இல் பதவி விலகினார். அன்று கேள்வி கேட்க ஒரு சபை இருந்தது, பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை இருந்தது. பட்டா கேட்டுப் போன அக்காவுக்கும் அப்படி ஒரு இடம் வேண்டும் என்றுதான் சங்கம் கேட்கிறது.

ஆகவே செயற்குழு முடிவு செய்து இன்று உங்கள் ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம் இது: லோக் ஆயுக்தாவுக்குக் கோவையிலோ ஈரோட்டிலோ ஒரு கிளை வேண்டும். அதற்கென்று தனி விசாரணைப் பிரிவு, அரசு கை வைக்க முடியாத நிதி ஒதுக்கீடு வேண்டும். ஒப்பந்தங்களையும் உள்ளாட்சியையும் அதன் வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். தேர்வுக் குழுவில் உயர் நீதிமன்றத்தின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, இன்றைக்கே ஓர் அரசாணையில் செய்யக்கூடிய ஒன்று: யார் மேல் புகாரோ அவருக்கும் அவருடைய நேரடி மேலதிகாரிக்கும் அந்த மனுவை விசாரணைக்கு அனுப்பக் கூடாது. இந்தக் கடைசிக் கோரிக்கைக்குச் செலவே கிடையாது. நான் மிகவும் எதிர்பார்ப்பது இதைத்தான்.

இனி மற்ற பணிகள். தகவல் உரிமை முகாம்கள் கோபியிலும் பவானியிலும் நடந்தன. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுவது, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு எழுதுவது எல்லாவற்றையும் பெண்கள் குழுவினர்தான் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். லஞ்சம் கேட்டால் யாருக்குத் தெரிவிப்பது என்ற அறிவிப்புப் பலகை ஓர் அலுவலகத்தில் பீரோவுக்குப் பின்னால் இருந்தது. தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கங்களைப் பார்க்கவே முடியவில்லை. எழுதிக் கொடுத்ததும் அதை எடுத்து வாசலில் மாட்டினார்கள், அவர்களுக்கு நன்றி. ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பில் இருப்பதால், கிராம சபையில் வரவு செலவைக் கேட்கும் பொறுப்பு நமக்குக் கூடியிருக்கிறது. கேட்ட ஊர்களில் கணக்கு வாசிக்கப்பட்டது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். முகாம்களுக்கு மண்டபம் கொடுத்தவர்களுக்கும், மனுக்களைக் கட்டணம் வாங்காமல் தட்டச்சு செய்து கொடுத்த தம்பிக்கும், இலவசமாக வந்து பேசிய வழக்கறிஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

தீர்மானத்தின் நகலும் கையெழுத்துத் தாள்களும் வாசல் மேசையில் இருக்கின்றன. ஊருக்கு ஒரு கட்டு எடுத்துப் போங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி, நகலில் முத்திரை வாங்கி, அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து முதலமைச்சருக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் நேரில் கொடுக்கத் தேதி கேட்டு எழுதியிருக்கிறோம்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்