திருப்பூர் நண்பருக்கு: மடிக்கணினியின் சூடும் தளர்ச்சியும்

கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. இளைய மகளுக்கு வரன் அமைந்தது பெரும் மகிழ்ச்சி. சீர் பற்றி நேரில் பேசுவோம். முப்பரிமாண ஆடை மாதிரிகளை உருவாக்கும்போது மடிக்கணினி சற்று நேரம் விறுவிறுப்பாக ஓடிவிட்டுத் தளர்ந்துபோகிறது என்றும், கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், அது சூட்டினால் தளர்கிறதா, செயலிக்குக் கிடைக்கும் மின்சாரத்துக்கு விதித்த வரம்பினால் தளர்கிறதா என்பதைப் பார்த்துவிடுங்கள். வெளியே தெரியும் குறி இரண்டுக்கும் ஒன்றுதான்; வைத்தியம் வேறு.

உங்களிடமுள்ள இன்டெல் ஐ7-12700எச் செயலியின் அடிப்படை மின்திறன் 45 வாட். உச்சத்தில் அது 115 வாட் வரை இழுக்கலாம். அந்த உச்சத்தைத் தயாரிப்பாளர்கள் சிறிது நேரத்துக்கு மட்டுமே அனுமதித்து, பிறகு அந்தந்த மாடலின் விசிறி தாங்கும் அளவுக்கு இறக்கிவிடுகிறார்கள். ஆகையால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் 4.7 கிகாஹெர்ட்ஸ் வேகம் எல்லாக் கோர்களும் (செயலிக்குள் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பெரிய, சிறிய கணிப்பகுதிகள்) உழைக்கும்போதும் நிலைத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பெரிய கோர்களின் அடிப்படை வேகமான 2.3 கிகாஹெர்ட்ஸுக்கும் வெகுவாகக் கீழே இறங்கி அங்கேயே கிடந்தால், அது கோளாறுதான்.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமான வேலையைக் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருக்க, வாட் அளவு சரிந்துகொண்டே போனால், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். மாறாக, வெப்பநிலை 60 டிகிரியில் இருக்கும்போதே வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தால், தூசியைத் தேடிப் பயனில்லை. குறைந்த வாட் சார்ஜரோ, அதன் முனையில் தளர்வோ, பழுதடைந்த உணரியோ காரணமாக இருக்கலாம். முதலில் மடிக்கணினியோடு வந்த சார்ஜரையே செருகிப் பாருங்கள்.

உங்கள் ஊரை நினைக்கும்போது, எனக்குச் சந்தேகம் சூட்டின் மீதுதான், அதிலும் பஞ்சின் மீதுதான். கட்டிங் மேசைக்குப் பக்கத்து அறையில் ஓடும் கணினிக்குள் சேர்வது வெறும் புழுதி அன்று. பனியன் துணியின் நுண்ணிய இழைகள். அவை விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். வெளித்துளைகளைப் பார்த்தால் சுத்தமாகவே தெரியும் என்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அடிமூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, விசிறியைத் தனியே தூக்கினால்தான் அந்தப் படலம் கண்ணில் படும். அதைச் சிறு இடுக்கியால் எடுத்துவிட்டு, மென்தூரிகையால் தகடுகளைத் தட்டிவிட வேண்டும். நம் பக்கத்துப் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் கம்பிரசரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அதன் காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கும். அழுத்தத்தில் விசிறி கண்மண் தெரியாமல் சுழன்று பேரிங்கும் கெடும். எந்தக் காற்றை அடித்தாலும் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது.

பஞ்சை எடுத்த பிறகும் சூடு குறையாவிட்டால், செயலியின் சூட்டை உலோகத் தகட்டுக்குக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் உலர்ந்திருக்கலாம். விவரம் தெரிந்தவரைக் கொண்டு புதிது போடச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாகத் திரவ உலோகம் போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்: அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் மின்சாரத்தையும் கடத்தும். சூட்டைத் தணிக்க, செயலிக்குப் போகும் மின்னழுத்தத்தை மென்பொருளால் குறைக்கும் முறை முன்பு பெரிதும் கைகொடுத்தது. 2019இல் பிளண்டர்வோல்ட் பாதுகாப்புக் குறை வெளியான பிறகு பல மடிக்கணினிகளில் அதைப் பூட்டிவிட்டார்கள்.

சித்திரை வெயிலில் அறையின் சூடு ஏறும் அளவுக்குச் செயலியின் சூடும் ஏறும். பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தால் அடியில் காற்று புகும். அவசர வேலை இல்லாத நாளில், விண்டோஸ் மின்திட்டத்தில் செயலியின் உச்ச அளவை 99 சதவீதமாக வைத்துக்கொண்டால், பெரும்பாலும் டர்போ (அடிப்படை வேகத்துக்கு மேலே ஓடும் உச்ச ஓட்டம்) நின்று வெப்பம் கணிசமாகத் தணியும்; வேலை சற்று மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.

சோதனையின் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் கண்ட வெப்பநிலை, வாட், வேகம் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். படலத்தை எடுத்த பிறகு அதே சோதனையை அதே மாதிரி ஆடையை வைத்து, நாளின் அதே வேளையில் மறுபடி ஓட்டி, அந்த எண்களையும் சேர்த்து அனுப்பினால் மேற்கொண்டு சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய நண்பன்