நூலகர்களின் வெள்ளிக்கிழமைக் கூட்டம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஓய்வுபெற்ற மூத்த நூலகர்களுக்கும், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று வட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவர் கையில்தான் இருக்கிறது. எனவே நான் புத்தகங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நமக்கு விடுமுறை நாளில், கூடிப் பேசுவது என்ற வழக்கம் இந்த ஆண்டும் நடந்தது. அடைமழைக் காலத்தில் மட்டும் நின்றுபோனது. கடற்கரைப் பக்கத்து உறுப்பினர்கள் அந்த நாட்களில் அலமாரிகளைச் சுவரிலிருந்து நகர்த்தி, மேலே தார்ப்பாய் போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒழுகும் கூரைக்காக நாம் எழுதிய கடிதங்களையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் இங்கே வாசிக்கவில்லை. மக்கள் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறார்கள். அது நம் கூரை வரைக்கும் வந்து சேரட்டும், அப்புறம் வாசிக்கலாம்.

ஆண்டு முழுக்க அதிகம் பேசியது வாசகர் ரசனை பற்றித்தான். “உங்க ஊர்ல என்ன போகுது?” என்று யாராவது ஆரம்பித்தால் போதும், டீ ஆறிவிடும். குடும்ப நாவல் எல்லா ஊரிலும் போகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள், அவசரமாக வரும் பெண்கள் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் தலைப்பைப் பார்ப்பதில்லை, நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்களோ என்று நானும் நினைத்திருந்தேன். விஷயம் வேறு. படித்து முடித்த நாவலின் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் சின்னதாக ஓர் அடையாளம் வைத்துவிடுகிறார்கள். ஒருவருக்கு நட்சத்திரம், இன்னொருவருக்குப் பூ, மற்றொருவருக்கு இனிஷியல். தலைப்புகளெல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், படித்ததையே மறுபடி தூக்கிக்கொண்டு போகாமலிருக்க இந்த ஏற்பாடு. நூலில் எதுவும் எழுதக் கூடாது என்று சுவரில் நாமே அட்டை மாட்டி வைத்திருக்கிறோம். ஆனால் எந்த நாவலை எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று நம் இரவல் பதிவேட்டைவிட அந்த மூலை தெளிவாகச் சொல்கிறது. அழிப்பதா, விடுவதா என்று ஒரு கூட்டம் முழுக்க விவாதித்தோம். விட்டுவிடுவது என்று முடிவானது.

“இவர்களை எப்போது நல்ல இலக்கியத்துக்குக் கொண்டு வருவது?” என்று ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான ஆதங்கம்தான், மறுக்கவில்லை. இருந்தாலும் மூன்று மணிக்கு வரும் அந்தப் பெண்கள் இல்லையென்றால் பல கிளைகளில் இரவல் கணக்கே படுத்துவிடும். வேறு புத்தகத்தை அவர்கள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம். கேட்காதபோது உபதேசம் செய்வது நம் வேலை இல்லை என்பது செயலாளரின் சொந்தக் கருத்து. அதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

2022-இல் திரைப்படம் வந்த பிறகு ‘பொன்னியின் செல்வன்’ கேட்டு வந்த கூட்டம் இன்னும் முழுக்க அடங்கவில்லை. ஐந்து பாகத்தில் நடுவில் ஏதாவது ஒன்று இருக்காது. ஊருக்கு ஊர் வேறு வேறு பாகம் குறைவதால், எந்த நூலகத்தில் எது இருக்கிறது என்று ஒரே தாளில் எழுதி எல்லோரும் நகல் எடுத்துக்கொண்டோம். மூன்றாம் பாகத்துக்காகச் சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போன வாசகர் அங்கேயும் உறுப்பினராகிவிட்டார் என்று ஒரு தகவல்.

இனி போட்டித் தேர்வு மாணவர்கள். காலையில் கதவைத் திறக்கும்போதே வாசலில் நிற்கிறார்கள். குரூப் 4, காவலர் தேர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வு என்று அவரவர் புத்தகத்தை அவரவரே கொண்டு வருகிறார்கள். நம்மிடம் வேண்டுவது மேசையும் மின்விசிறியும் செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக்கும்தான். 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கவே தனிப் பகுதி உண்டு. நம் கிளைகளில் இருப்பது ஒரே நீள மேசை. பத்திரிகை படிக்க வரும் பெரியவர்களுக்கு அதில் இடமில்லை. “நாற்பது வருஷமா இந்த நாற்காலி எனக்குத்தான்” என்று ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். பதினோரு மணி வரை பேப்பர் படிப்பவர்களுக்கு, அதற்குப் பிறகு மாணவர்களுக்கு என்று ஓர் ஊரில் பிரித்துப் பார்த்தார்கள். பேப்பர் பதினோரு மணிக்கு முடிவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. இதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

கழிவு நூல் பட்டியல் பற்றிய கூட்டம்தான் கொஞ்சம் சூடாகப் போனது. செல்லரித்த நூல்களை நீக்குவதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நல்ல நிலையில் இருந்தும் யாரும் எடுக்காத புத்தகத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஓர் உறுப்பினர் தமிழ்ச் சுருக்கெழுத்துக் கையேடு ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். ஒட்டியிருந்த தவணைத் தேதித் தாளில் ஒரே ஒரு முத்திரை, அதுவும் மங்கியிருந்தது. பட்டியலில் அதைச் சேர்த்திருந்தார். அனுப்புவதற்குள், அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவர் வந்து அதே புத்தகத்தைக் கேட்டாராம். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்று 1931-லேயே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் எழுதிவைத்ததை மூத்தவர்கள் உடனே எடுத்து நீட்டினார்கள். “அவர் நூலகம் வளரும் உயிரின்னும்தான் சொன்னார், எங்க ஊர்ல அது வளர ஒரு ரேக் கூட காலி இல்ல சார்” என்றார் ஊர்ப்புற நூலகர் தம்பி. இருவர் சொன்னதும் சரிதான். கடைசியில், நீக்குவதற்கு முன் பட்டியலை நம் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துவிடுவது, யார் ஊரிலாவது ஆள் இருந்தால் சொல்வது என்று ஒத்துக்கொண்டோம்.

ரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தைச் சிக்கனமாகக் கொண்டாடினோம். அவர் சீர்காழியில் பிறந்தவர், நம் பக்கத்து ஊர்க்காரர் என்பதால் அவரைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931-இல் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியதை மூத்த உறுப்பினர் ஒருவர் விரிவாகச் சொன்னார். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உறுப்பினர், நூலகத்தில் தனியாக உட்கார்ந்து பொழுதே போகவில்லை என்று சொன்னதற்கும் அன்று பதில் கிடைத்தது. கணக்குப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதனே, சில நாளிலேயே தனிமை தாங்காமல், பழைய வேலையைத் திருப்பித் தாருங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் நின்றவர்தான். முதலில் லண்டனுக்குப் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வா என்று முதல்வர் அனுப்பினார். “என்னை யார் லண்டனுக்கு அனுப்புறா?” என்றார் புதியவர்.

நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வார விழாவை அந்தந்தக் கிளையின் வாசகர் வட்டங்கள் நடத்தின. பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, வழக்கம்போல. ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்தவர்களுக்கு நன்றி. அவர்களில் ஒருவர் முன்பு வாசலில் காத்திருந்த தேர்வு மாணவர், முதல் மாதச் சம்பளத்தில் கட்டினார்.

வரும் ஆண்டின் முதல் கூட்டத்தில் நாவல்களுக்கு அட்டை போடும் வேலை இருக்கிறது. பழுப்புத் தாள் வாங்கியாகிவிட்டது. பசையும் கத்தரிக்கோலும் அவரவர் கொண்டு வரவும். கடைசிப் பக்க மூலையை மறைத்து யாரும் தாள் ஒட்ட வேண்டாம்.

செயலாளர்