படலையில் கூப்பிடாமல்

யாழ்ப்பாணம்

அன்புள்ள நண்பருக்கு,

உமது கடிதம் போன கிழமை கிடைத்தது. கண் சத்திரசிகிச்சைக்குப் பின் நீர் மறுபடியும் வாசிக்கத் தொடங்கியிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. நாங்கள் இங்கே சுகம்.

என்னிடம் புவியியல் படித்த பிள்ளையொருத்தி, போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் வடக்கில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களின் வறுமையைச் செய்மதிப் படங்களைக் கொண்டு மதிப்பிடும் ஆய்வில் இறங்கியிருக்கிறாள். சென்ற மாதம் தன் வரைபடங்களை என் விறாந்தையில் விரித்துக் காட்டினாள். அன்றிலிருந்து என் மனம் அவற்றை விட்டு அகலவில்லை. நில அளவையாளராக வேலை செய்த உம்மிடம்தான் இதைப் பேச வேண்டும்.

செய்மதியின் பகற்படங்களையும், அதில் பதியும் ஊர்களின் இரவொளியையும் சேர்த்துக் கணினியைப் பழக்கி, ஆபிரிக்காவின் ஐந்து நாடுகளில் வறுமையை மதிப்பிடலாம் என்று 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவளும் அந்த வழியில் கூரைகளைப் பிரித்து, தகரம் என்றால் ஏழ்மை, ஓடு என்றால் வசதி என்று நிறம் தீட்டியிருந்தாள். நான் மறுத்தேன். போருக்குப் பின் இந்திய அரசு இங்கே தந்த வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்த 550,000 ரூபாய் போதாமல், நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் கட்டி முடித்தவர்கள் எத்தனை பேர்! அவர்களுடைய கடன் முழுவதும் அந்தப் புது ஓட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. இரவொளியும் அப்படித்தான். 1992 முதல் எண்மப் பதிவாகக் கிடைக்கும் படங்களில் போர்க்காலத்து யாழ்ப்பாணம் இருண்டே கிடக்கும். மின்சாரமில்லாத அந்த ஆண்டுகளில் சிக்கன மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் நான் பரீட்சைத்தாள் திருத்தியதும் நீர் வரைபடம் கீறியதும் எந்தக் கருவியிலும் பதிந்திரா.

ஆனால் என்னை அதிகம் கலங்கச் செய்தது வேறொன்று. சென்ரினல் என்ற ஐரோப்பியச் செய்மதியிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் படத்தில் ஒரு புள்ளி 10 மீற்றர் சதுரம். ஏறத்தாழ 250 சதுர மீற்றர் வரும் ஒரு பரப்புக் காணிக்குள் இரண்டரைப் புள்ளிதான் அடங்கும், அதில் ஆளை அறிய வழியில்லை. விலைக்கு விற்கும் படங்களோ 30 சென்ரிமீற்றர் வரை துல்லியமானவை. அப்படியொரு படத்தின் மேல், வீடுவீடாகக் கேட்டெழுதிய விபரங்களை அவள் பொருத்தியிருந்தாள். பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் தனிநிறத்தில், ஒவ்வொரு வீடும் அதனதன் இடத்தில்! எந்த வளவில் ஆண் துணையில்லை என்பதை, ஊரைக் கண்டிராத எவரும் அந்தத் தாளிலிருந்து அறிந்துவிடலாம். பல நாடுகளில் நடக்கும் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்புகளில், நகர்ப்புறத்தில் 2 கிலோமீற்றர் வரையும் கிராமத்தில் 5 கிலோமீற்றர் வரையும் அமைவிடத்தை வேண்டுமென்றே தள்ளிவைத்துத்தான் வெளியிடுகிறார்கள் என்று சொன்னேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. அன்றிரவே வீடுகளைக் காட்டிய குறிகளை அகற்றினாள்.

நாமெல்லாம் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டே ஒரு வளவுக்குள் இறங்குவோம். நீரும் வேலிக்கு இருபுறத்துக் காணிக்காரரையும் வரவழைத்து, அவர்கள் பார்த்திருக்கத்தான் சங்கிலி பிடிப்பீர். 600, 700 கிலோமீற்றர் உயரத்திலிருந்து படமெடுப்பவர் யாரைக் கூப்பிடுகிறார்? விண்ணிலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் தொலையுணர்வு பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1986இல் ஏற்ற 15 கோட்பாடுகள், படமெடுக்கப்பட்ட நாட்டுக்குத் தரவைப் பெறும் வழியைச் சொல்கின்றன. முற்றத்துக்குரியவரின் சம்மதத்தைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

அதற்காக அந்தப் படங்கள் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. 1990இல் நாங்கள் விட்டு வந்த வளவை, இராணுவம் உள்ளே போக விடாத ஆண்டுகளில் முதன்முதலாகச் செய்மதிப் படத்தில்தான் கண்டேன். வீடு இல்லை, பற்றை மூடியிருந்தது. கிணற்றின் வட்டம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தேன். என் வளவின் படம் எனக்கு முன்பே யார் யாரிடமோ இருந்திருக்கிறது என்ற எண்ணம் அப்போது வரவில்லை, இப்போது வருகிறது.

வருகிற மாதம் அவள் படங்களை அந்த ஊர்ச் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சனங்களுக்கு முன் விரிக்கப் போகிறாள். பிழையைத் திருத்தவும், வேண்டாததை நீக்கச் சொல்லவும் அவர்களுக்கு இடமிருக்கும். நானும் கூடப் போகிறேன். நீர் அளவைக்கு முன் காணிக்காரருக்கு அனுப்பிய அறிவித்தலில் என்ன எழுதுவீர், எத்தனை நாள் தவணை கொடுப்பீர் என்பது நினைவிருந்தால் எழுதும். ஊருக்கு அவள் கொடுக்கவிருக்கும் அறிவித்தலை அதைப் பார்த்தே எழுத விரும்புகிறோம்.

அன்புடன்,
உமது பழைய நண்பன்